மீன் வேனில் இருந்த ஐஸ்

கோடையில் எஞ்சின் சூடாவதைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே வகுப்பு எடுத்திருப்பார்கள். ஆயில் அளவு, வால்வு இடைவெளி, ரேடியேட்டர் விசிறி என்று எல்லாம் சொல்லியிருப்பார்கள். அதை நான் மறுபடி சொல்லப்போவதில்லை. ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்பானர் பிடிக்கிற பெண்ணைப் பார்ப்பதற்கென்றே எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் வருவார்கள். போகப்போக அவர்களுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் துணை வேன் என் பொறுப்பில் இருந்தது. மோட்டார் சைக்கிள் குழுக்கள் நெடுந்தூரம் போகும்போது கருவிகளும் உதிரி பாகங்களும் ஏற்றிக்கொண்டு பின்னால் போகிற வேன். இனி அதில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். அதனால் அந்த வேனிலிருந்து இறங்கி நின்ற ஒரு மே மாத மதியத்தைச் சொல்கிறேன்.

ராயபுரம், காசிமேடு ஆட்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு குழு. பாதிப் பேர் துறைமுகத்தில் வேலை செய்பவர்கள். தலைவன் தினேஷ் என்ற இளைஞன், சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை. கிளம்பும் முன்பே வாட்ஸப்பில் விதிகளைப் போட்டுவிடுவான். ஜாக்கெட் கட்டாயம், யாரும் யாரையும் முந்தக் கூடாது, ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். பொறுப்பான பையன். நெல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கடலோர ஊருக்குப் போய்த் தங்கிவிட்டுத் திரும்புவது திட்டம்.

குழுவில் மூத்தவர் சகாயம் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். காற்றால் மட்டுமே குளிர்கிற பழைய பெரிய வண்டி ஒன்று வைத்திருந்தார். அதைத் துடைப்பதில் அவருக்கு இருந்த பொறுமையைப் பார்த்தால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். பின்னால் அவர் மனைவி லூர்தக்கா உட்கார்ந்து வருவார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். சத்தமான குரல், சத்தமான சிரிப்பு. அண்ணன் நேர் எதிர். கிரேன் கேபினில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்தே பழகியவர், பேச்சு குறைவு. பேசினாலும் மெதுவாகத்தான் பேசுவார்.

போகும்போது நாயுடுபேட்டைக்கு முன்னால், குழுவில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியரின் வண்டி இழுவையே இல்லாமல் திணறியது. எஞ்சின் சூடாகிவிட்டது என்றார். தொட்டால் சூடுதான். ஆனால் கையைப் பின் சக்கரத்தின் நடுவில் கொண்டுபோனேன், வைக்க முடியவில்லை. முதல் நாள்தான் யாரோ அவருக்கு பிரேக்கை அளவுக்கு மேல் இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வழியெல்லாம் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது, எஞ்சின் பாவம் அதையும் சேர்த்து இழுத்திருக்கிறது. தளர்த்தி, வேப்ப மர நிழலில் ஆற விட்டேன். தினேஷ் இரண்டு முறை வந்து, “போலாமாக்கா?” என்று கேட்டான். இரண்டு முறையும் இல்லை என்றேன். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை, நானே எழுந்து கிளம்பச் சொன்னேன். நிற்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று வண்டிதான் சொல்லும். தலைவரும் சொல்ல முடியாது, ஆசிரியரும் சொல்ல முடியாது. இது சின்ன விஷயம். பெரிய விஷயம் திரும்பும்போது நடந்தது.

விடியற்காலையில் கிளம்ப வேண்டியது. ஒரு பஞ்சர், அப்புறம் இட்லிக் கடையில் கூட்டம், இப்படி ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினோம். அன்று மாலை சகாயம் அண்ணனின் பேத்திக்கு ராயபுரம் சர்ச்சில் ஞானஸ்நானம். நேரத்துக்குப் போயாக வேண்டும் என்று அவர் எங்கேயும் இறங்கவில்லை. மற்றவர்கள் மோர் குடிக்க நின்ற இடத்திலும் அவர் வண்டியிலேயே உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டிருந்தார். லூர்தக்கா மட்டும் இறங்கிக் குடித்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

செங்குன்றம் பக்கம் சாலை வேலை நடக்கிறது என்று யாரோ சொன்னதால் பொன்னேரி, மீஞ்சூர் வழியாக வந்தோம். நெடுஞ்சாலையில் வந்தவரை எந்த வண்டிக்கும் ஒன்றும் இல்லை. வேகமாகப் போகிற வண்டிக்குக் காற்று அடிக்கிறது, காற்று சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. நெடுந்தூரம் ஓடினால் எஞ்சின் கொதிக்கும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஓடும்போது அவ்வளவு கொதிக்காது. ஓடி வந்துவிட்டு ஊர்ந்தால்தான் கொதிக்கும். எங்களுக்கு அது மணலி புதுநகர் தாண்டியதும் ஆரம்பித்தது.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, டிரெய்லர் அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே இருந்த சந்தில் எங்கள் ஆட்கள் வண்டிகளை ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் இரும்புச் சுவர். வெயில் மேலேயிருந்தும் அடித்தது, அந்தச் சுவர்களிலிருந்தும் அடித்தது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. எங்கள் வேன் சந்தில் நுழையாது. ஓட்டிக்கொண்டிருந்த பாஷா பாயிடம் சொல்லிவிட்டு நான் இறங்கி, முன்னால் நடந்தேன்.

நடக்கும்போதே சகாயம் அண்ணனின் வண்டியிலிருந்து சத்தம் கேட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போல டக்டக்கென்ற சத்தம். அந்தச் சத்தம் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சகாயம் அண்ணனுக்கும் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் அவர் நிறுத்தவில்லை. மேலும் முறுக்கினார். கொஞ்ச தூரத்தில் வண்டி தானாகவே நின்றுபோனது.

நான் போய்ச் சேர்ந்தபோது லூர்தக்கா இறங்கி நின்றிருந்தார். அண்ணன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்துகொண்டிருந்தார். குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து எஞ்சின் மேல் ஊற்றப் போனார்.

“அண்ணே, வேணாம். ஊத்தாதே, வெடிப்பு வுட்டுடும்” என்று அவர் கையைப் பிடித்தேன்.

“வுட்றி. என் வண்டி. நீ யார்றி கேக்கறதுக்கு?” என்றார்.

அவர் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சுற்றி நின்றவர்கள் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தினேஷ் எனக்காகக் கோபப்பட்டு, “அண்ணாத்த, இன்னா இது, அக்காவ போய்” என்று முன்னால் வந்தான். எல்லோரும் இதை ஒரு சண்டையாகத்தான் பார்த்தார்கள். வெயில், பசி, நேரமாகிறது, வண்டியும் நின்றுவிட்டது. யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் என் விரல்கள் இன்னும் அவர் மணிக்கட்டில் இருந்தன. அந்தத் தோல் காய்ந்து கிடந்தது. அந்த வெயிலில் நாங்கள் எல்லோரும் குளித்ததுபோல வேர்த்து நிற்க, கழுத்துவரை ஜிப் போட்ட கறுப்பு ஜாக்கெட்டுக்குள் இருந்த மனிதருக்கு ஒரு சொட்டு வேர்வை இல்லை. கை அடுப்பு மாதிரி கொதித்தது.

லூர்தக்காவைப் பார்த்தேன். அவர் குரல் முதல் முறையாகச் சின்னதாக வந்தது. “இவரு இப்டி பேசற ஆளே இல்ல செல்வி. காலீலேர்ந்து ஒரு மாரியா கீறாரு. மீஞ்சூராண்ட வரச்சொல்லோ, பாப்பா இஸ்கூலு வுட்டு வந்துட்டாளான்னு கேட்டாரு. எம் பொண்ணுக்குதான் கண்ணாலம் ஆயி, கொயந்தையே பொறந்துடுச்சே.”

அடுத்த நொடி அண்ணனின் கால் மடங்கியது. தினேஷும் நானும் தாங்கிப் பிடித்து, ஒரு டிரெய்லரின் நிழலுக்குள் இழுத்துப்போய்ப் படுக்க வைத்தோம்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உடனே வேனில் ஏற்றிவிடலாம் என்றான் தினேஷ். வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்னார் ஆசிரியர், பாட்டிலோடு குனிந்தும் விட்டார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு அசையாமல் காத்திருக்கலாம் என்றது இன்னொரு குரல். ஒவ்வொருவரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். சொன்ன மூன்றிலும் பாதி சரி இருந்தது, அதுதான் சிக்கல். கம்பெனிகளில் நடத்துகிற முதலுதவி வகுப்பு ஒன்றில் எப்போதோ உட்கார்ந்திருக்கிறேன். அதில் இரண்டு விஷயம்தான் மனதில் நின்றிருந்தது. புத்தி தடுமாறிப் பேசுகிறவருக்கு வாயில் எதையும் ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வெயில் தாக்கியவரை முதலில் குளிர வை, அப்புறம் கொண்டுபோ.

வேன் அந்த வரிசையிலிருந்து வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அவர் உள்ளே வெந்துகொண்டிருப்பார். அதனால் முடிவெடுத்தேன். “இங்கியே குளிர வைக்கணும். ஜாக்கெட்ட கழட்டு, பூட்ஸ கழட்டு. தினேஷ், நீ போன் பண்ணு. பண்ணிட்டு, வேன் வர்றதுக்கு வழி பண்ணு. டிரைவருங்கள எய்ப்பி வண்டிய ஒதுக்கச் சொல்லு.”

“வாட்டர் பாட்டில்தானேக்கா கீது, இது எப்டி பத்தும்?” என்றான் தினேஷ்.

பத்தாதுதான். இருந்த பாட்டில்களையெல்லாம் அவர் நெஞ்சிலும் தலையிலும் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் உடனே வெதுவெதுப்பாகிவிட்டது. அப்போதுதான் லூர்தக்கா எழுந்து நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். வரிசையில் நாலைந்து வண்டிகள் தள்ளி, டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சின்ன வேன் நின்றிருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது ஒரு வேன். அவருக்கு அது என்னவென்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

“நைனா, அது மீன் வண்டிதானே? பழவேற்காட்டு சரக்கா?” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

அந்த வேனின் டிரைவர் லுங்கி கட்டிய நடுத்தர வயதுக்காரர். லூர்தக்கா சொன்னதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை, பின்கதவைத் திறந்துவிட்டார். ஐஸைக் கொட்டிவிட்டால் சரக்கு காசிமேடு போய்ச் சேரும் முன்பே கெட்டுவிடும் என்பது லூர்தக்காவுக்குத் தெரியும். அந்த அவசரத்திலும் அதைச் சொன்னார்.

“மீனு போனா போவட்டும்மா. வேற மீனு கெடைக்கும்” என்றார் அவர். கூடையில் ஐஸை அள்ளித் தலையில் தூக்கிக்கொண்டு அவரே வந்தார்.

வந்தவர் அண்ணனைப் பார்த்ததும் எங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். “நெஞ்சுல கொட்னா பத்தாது. ரெண்டு கக்கத்துலயும் வையி. கயுத்துல வையி. தொட இடுக்குல வையி. எங்க போட்டுல ஒர்த்தனுக்கு நடுக்கடல்ல இப்டித்தான் ஆச்சி” என்றார். அதைச் சொல்லும்போதே செய்துகொண்டும் இருந்தார். துண்டை ஐஸ் தண்ணீரில் நனைத்து அண்ணன் மேல் போட்டோம். ஆசிரியர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி விசிறினார். டிரெய்லர் அடியில் படுத்திருந்த இந்திக்காரர் ஒருவர் எழுந்து வந்து, தலைக்கு வைத்திருந்த அட்டையால் மறுபக்கத்திலிருந்து விசிற ஆரம்பித்தார்.

எனக்குப் பக்கத்தில் சகாயம் அண்ணனின் வண்டி நின்றுகொண்டிருந்தது. சூட்டில் எஞ்சின் இன்னும் டிக்டிக்கென்று ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, தானாக ஆற வேண்டும். ஆனால் மனிதர் தானாக ஆறும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரே வெயில் இரண்டையும் தாக்கியிருக்கிறது, செய்ய வேண்டியது நேர் எதிர். அன்று நான் புதிதாகக் கற்றது என்றால் இதுதான். வண்டி நின்றதும் நம் கண் வண்டிமேல் போகிறது. அது நம் தொழில், போகத்தான் செய்யும். ஆனால் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது அதை ஓட்டியவர். டக்டக் சத்தம் கேட்டும் நிறுத்தாமல் முறுக்கிய கை தெளிவான கை இல்லை. முதலில் அவரைப் பாருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள், கையைத் தொடுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் முனகினார். கண்ணைத் திறந்து லூர்தக்காவைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். தோல் முன்னைப்போல் கொதிக்கவில்லை. அதற்குள் தினேஷ் தன் வேலையை முடித்திருந்தான். தூங்கிக்கொண்டிருந்த டிரைவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, கெஞ்சி, இரண்டு இடத்தில் சண்டையும் போட்டு, டிரெய்லர்களை ஓரமாக நகர்த்த வைத்திருக்கிறான். பாஷா பாய் அந்த இடைவெளியில் வேனை மண்தரையில் இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஆம்புலன்சு வரிசைக்குள்ள வர முடியலயாம்க்கா. இன்னா பண்றது?” என்றான் தினேஷ்.

பாஷா பாய்தான் வழி சொன்னார். “சடையங்குப்பம் உள்ள பூந்து அந்தாண்ட ஏறிடலாம். இப்ப தண்ணி நிக்காது. அவங்கள அங்க வந்து நிக்கச் சொல்லு.”

மழைக்காலமாக இருந்தால் அந்த ஊருக்குள் படகுதான் போகும். மே மாதத்தில் குண்டும் குழியுமான சாலையாவது இருந்தது. வேனின் தரையில் கருவிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, அண்ணனைப் படுக்க வைத்து, மீதி ஐஸையும் ஏற்றிக்கொண்டோம். மீன் வேன்காரரிடம் பேர் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏறும்போது அவர் லூர்தக்காவிடம், “தண்ணி ஊத்திகினே போ, நிறுத்தாத” என்றார். அவ்வளவுதான். பிறகு லூர்தக்கா காசிமேட்டில் எத்தனையோ பேரிடம் விசாரித்தார். இன்றுவரை அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

சடையங்குப்பத்தின் மறுபக்கம் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். லூர்தக்காவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் புடவை முழுக்க ஈரம். வாய்க்குள் ஜெபம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்து டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். வழியிலேயே குளிர வைத்ததுதான் காப்பாற்றியிருக்கிறது, இனி பயமில்லை, இரண்டொரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். சகாயம் அண்ணன் கண்ணைத் திறந்து கிடந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

“இன்னா லூர்து இது, மேலெல்லாம் மீன் வாட அடிக்குது” என்றார். மெதுவான குரலில், பழைய சகாயம் அண்ணனாக.

லூர்தக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்படியே அழுதார். என் பக்கம் திரும்பி, “கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இதயேதான் சொல்லிகினு கீறாரு. ஆளு வந்துட்டாரு செல்வி” என்றார்.

ஞானஸ்நானத்தை ஃபாதர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார். நானும் போயிருந்தேன். குழந்தை தலையில் தண்ணீர் விழுந்ததும் வீறிட்டு அழுதது. தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரியாணி நன்றாக இருந்தது. தினேஷ் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

வண்டியை மறுநாளே போய் எடுத்து வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க ஒரு டிரெய்லர் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயில் இறங்கியிருந்தது, ஊற்றினேன். ஒரே உதையில் கிளம்பியது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த வருடம் மே மாதத்தில் அதே குழு அதே ஊருக்குக் கிளம்பியது. தினேஷ் விதிகளை மாற்றியிருந்தான். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், வெயில் ஏறியதும் நிழல் பார்த்து இறங்க வேண்டும், எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, படுத்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் ஏற வேண்டும். சகாயம் அண்ணனும் வந்தார். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தார். இல்லாவிட்டால் லூர்தக்கா விட்டிருக்க மாட்டார். சூலூர்பேட்டை தாண்டி ஒரு தோப்பில் எல்லோரும் துண்டை விரித்துத் தூங்கினார்கள். நடுவில் அண்ணன் எழுந்து வண்டிப் பக்கம் போனார். லூர்தக்கா கண்ணைத் திறக்காமலேயே, “வெயிலு இன்னும் எறங்கல, வந்து படு” என்றார். அவர் வந்து படுத்துவிட்டார்.

அந்தப் பயணத்தில் ஒரு வண்டிகூடத் திணறவில்லை. என் கருவிப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. திரும்பி வந்ததும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டார்கள், “இன்னாக்கா, சும்மா போயி சும்மா வந்துட்டியா?” என்று. ஆமாம் என்றேன். என் வேலைக் காலத்தில் நான் நன்றாகச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. நீங்களும் அப்படிச் சும்மா போய்ச் சும்மா வாருங்கள்.